அமாவாசைக்கு அடங்கும் இழுப்பு

பிள்ளையார்பாளையத்து நெசவுத் தெருவில் பட்டப்பகலில் கதவைத் திறந்து போட்டால் அது பெரிய குற்றம். திருடனுக்குப் பயந்து என்று நினைத்துவிடாதீர்கள். அந்தத் தெருவுக்குத் திருடன் வந்தால் அவன் நிலையைப் பார்த்து இரக்கப்பட்டு ஒரு சொம்பு கூழ் கொடுத்து அனுப்புவார்கள். பயமெல்லாம் காற்றுக்குத்தான். பட்டு நூலுக்கு இருக்கிற பவிசு சீமைத் துரைக்குக்கூடக் கிடையாது. காய்ந்த காற்று கொஞ்சம் மேலே பட்டால் போதும், இழை இழையாக அறுந்து கொட்டும். அதனால் வாசல் கதவையும் சாத்தி, கொல்லைக் கதவையும் சாத்தி, நெய்கிறவன் காலை விட்டு உட்காருகிற தறிக்குழியிலும் அதைச் சுற்றிலும் தண்ணீர் தெளித்து, வீட்டை எந்நேரமும் நனைந்த கோணிப்பை மாதிரி வைத்திருப்பார்கள். வெளியூர்க்காரர்கள் உள்ளே வந்தால் கிணற்றில் இறங்கின மாதிரி இருக்கிறது என்பார்கள். தெருக்காரர்களுக்கு அது தெரியாது. வீடு என்றால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தார்கள்.

பரமசிவத்தின் வீடும் அப்படித்தான் இருந்தது. இரண்டு பக்கமும் பங்காளிகள் வீட்டுச் சுவர். முன்னால் ஒரு கதவு, பின்னால் ஒரு கதவு, நடுவில் ஒரே ஒரு கூடம். கூடத்தில் முக்கால்வாசியைத் தறி எடுத்துக்கொண்டு, மிச்சத்தைப் போனால் போகிறதென்று மனிதர்களுக்கு விட்டிருந்தது. அந்த மிச்சத்தில்தான் அடுப்பு, பானை, பாய் எல்லாம்.

அவன் மனைவி தில்லையம்மாள் தென்னேரிக்காரி. ஏரிக்கரைமேல் வீடு; காற்று வந்து கூரையைத் தூக்கிக்கொண்டு போகாமல் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொள்கிற இடம். வாழ்க்கைப்பட்டு வந்த புதிதில், "இன்னாக்கா இது, மூச்சு முட்டுதே" என்று பக்கத்து வீட்டுப் பெண்களிடம் சொல்லிப் பார்த்தாள். அவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "பங்கா இழுக்கறதுக்கு ஆள் வெச்சுக்கடி மகராணி" என்றார்கள். ஒரு வருஷத்தில் அவளுக்கும் பழகிவிட்டது. மனிதருக்கு எதுதான் பழகாது?

கலியாணப் புடவைக்குக் கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம். இரண்டையும் கோத்து நெய்ய ஒருவர் போதாது. கரைப் பக்கம் இன்னொருவர் உட்கார்ந்து, கரை நூலோடு ஓடுகிற நாடாவைத் தள்ளிக்கொடுக்க வேண்டும். பரமசிவத்துக்கு அந்த இன்னொருவர் தில்லையம்மாள். அவள் தறியைவிட்டு எழுந்திருக்க முடியாதே, அப்படியானால் கைக்குழந்தையை என்ன செய்வது? அதற்கும் தெருவில் ஒரு வழி இருந்தது. தறியின் மேல்சட்டத்திலேயே பழம்புடவையில் தொட்டில் கட்டிவிடுவார்கள். தறி அசைய அசையத் தொட்டில் தானே ஆடும். அப்பன் நெய்ய, அம்மா கரை கோக்க, பிள்ளை நடுவில் தூங்கும். பார்க்க அவ்வளவு அழகாக இருக்கும். தில்லையம்மாளும் அப்படித்தான் கட்டினாள்.

முதல் பிள்ளை ஆண். அவனுக்கு எட்டாம் மாதம் மார் கட்டி இழுப்பு வந்தது. மழைக்காலம். வைத்தியர் வந்தார், மந்திரிக்கிறவர் வந்தார். ஒருநாள் காலையில் தொட்டில் வெறுமனே ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே இருந்தவன் போய்விட்டான். அதைப்பற்றி அந்த வீட்டில் அப்புறம் யாரும் பேசவில்லை. பரமசிவம் பேசாமல் நெய்தான், தில்லையம்மாள் பேசாமல் கரை கோத்தாள். பேசினால் யாராவது ஒருவர் உடைந்துபோவார்கள் என்று இருவருக்கும் தெரியும்.

மூன்று வருஷம் கழித்துப் பிறந்தவள் நீலாம்பாள். நீலா, நீலா என்று தெருவே கொஞ்சியது. ஆறு மாதம்வரை ஒன்றும் இல்லை. ஏழாம் மாதம் ஒருநாள் தறி நின்றிருந்த நேரத்தில் தொட்டிலிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பூனைக்குட்டி எங்கோ மாட்டிக்கொண்டு கத்துகிற மாதிரி மெல்லிய சத்தம். தில்லையம்மாள் எட்டிப் பார்த்தாள். குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. சத்தம் அதன் மார்பிலிருந்து வந்தது.

அன்றிலிருந்து அந்த வீட்டில் செய்யாத வைத்தியம் இல்லை. வசம்பைச் சுட்டு உரைத்துக் கொடுத்தாள். ஓமத்தை வறுத்துத் துணியில் முடிந்து மூக்கருகே பிடித்தாள். துளசிச் சாற்றில் தேன் விட்டுக் கொடுத்தாள். மந்திரித்த கயிறு கழுத்தில் ஒன்று, இடுப்பில் ஒன்று. உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். அந்தப் புகைக்குக் குழந்தை இன்னும் கொஞ்சம் இருமியது, அவ்வளவுதான். "கணைதான் இது, பல்லு வந்தா போயிடும்" என்றார்கள். பல் வந்தது. இழுப்பு போகவில்லை.

ஆனால் ஒன்றை அவள் கவனித்தாள். அமாவாசை அன்றைக்கு மட்டும் குழந்தை நன்றாக இருந்தது.

தறிக்காரர்களுக்கு அமாவாசை என்றால் தறி கிடையாது. அன்று தலைமுழுகி, தறியைக் கும்பிட்டு, குமரகோட்டத்துக்குப் போய் முருகனைப் பார்த்துவிட்டு வருவார்கள். தில்லையம்மாளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போவாள். குருக்கள் தந்த விபூதியை நெற்றியிலும் மார்பிலும் தடவுவாள். சாயங்காலத்துக்குள் இழுப்பு பாதி அடங்கிவிடும். ராத்திரி வாயை மூடிக்கொண்டு தூங்கும். மறுநாளும் தேவலை. அதற்கு மறுநாள் பழையபடி பூனைக்குட்டி கத்த ஆரம்பித்துவிடும்.

முருகன்தான் பார்த்துக்கொள்கிறான் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். வேறு யார் என்ன முடிவு செய்வார்கள், சொல்லுங்கள். கோயிலுக்குப் போகிற நாட்களில் அமாவாசையோடு கிருத்திகையும் சேர்ந்தது, கிருத்திகையோடு செவ்வாய்க்கிழமையும் சேர்ந்தது. ஆனால் செவ்வாயிலும் கிருத்திகையிலும் திரும்பி வந்ததும் தறியில் உட்கார வேண்டும். அந்த நாட்களில் அந்த விபூதி அவ்வளவாகக் கேட்கவில்லை. அதற்கும் அவள் ஒரு காரணம் கண்டுபிடித்தாள்: அமாவாசையில்தான் சாமிக்கு மனசு இளகுகிறது. சன்னதியில் நின்று சண்டை போடுவாள். "மாசத்துல ஒரு நாளுதான் எம் புள்ள மேல கண்ணு வெப்பியா? மத்த நாளெல்லாம் இன்னா, வேற வேலையா ஒனக்கு?" என்பாள். பக்கத்தில் நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவளுக்கு அந்த வெட்கமெல்லாம் எப்போதோ போய்விட்டது.

அந்த ஆனி மாதத்தில் மேல்காற்று பிசாசு மாதிரி அடித்தது. கதவிடுக்கில்கூடக் கந்தல் துணியைச் சொருகி, குழிக்கு இரண்டு மடங்கு தண்ணீர் ஊற்றினான் பரமசிவம். நூல் கொடுத்துப் புடவை வாங்குகிற கண்ணாயிரம் முதலாளி தந்த பாவு நூல் தறியில் ஓடிக்கொண்டிருந்தது. அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை, ஆவணி முகூர்த்தத்துப் புடவை. நீலாவுக்கு இழுப்பு முற்றிவிட்டது. மூச்சை இழுக்கும்போது விலா எலும்பெல்லாம் உள்ளே போயிற்று. பதினோரு மாதக் குழந்தை, தவழவில்லை. உட்கார்ந்த இடத்தில் அம்மாவைப் பார்த்துக்கொண்டே இழுத்துக்கொண்டிருந்தது. தில்லையம்மாள் அமாவாசைக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். அந்த நாள் வந்தால் தப்பிவிடும்.

அமாவாசைக்கு நாலு நாள் இருக்கும்போது பக்கத்து வீட்டுப் பெரியப்பா மாணிக்கவாசகம் காலமாகிவிட்டார். கிழவர், நல்ல சாவு. ஆனாலும் பங்காளி. பங்காளி செத்தால் தீட்டு. பதினாறாம் நாள் காரியம் முடிகிறவரை தறியைத் தொடக்கூடாது, கோயில் வாசலை மிதிக்கக்கூடாது, வீட்டில் விபூதி மரவையைக்கூடக் கையால் எடுக்கக்கூடாது.

செய்தியைக் கேட்டதும் தில்லையம்மாளுக்குப் பெரியப்பாவுக்காக அழுகை வரவில்லை. ஐயோ, அமாவாசை போச்சே என்றுதான் தோன்றியது. சாவு வீட்டில் தலைவிரி கோலமாக உட்கார்ந்து அவள் அழுத அழுகையைப் பார்த்து, "பெரியப்பா மேல எம்மாம் பாசம் பாரு" என்று ஊர்ப்பெண்கள் மூக்கின்மேல் விரலை வைத்தார்கள். பாசமும் இருந்ததுதான். ஆனால் அழுதது தன் பிள்ளைக்காக.

பெரியப்பா வீட்டில் இடம் போதாது. வாலாஜாபாத்திலிருந்தும் ஆரணியிலிருந்தும் உறவுக்காரர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அதனால் பரமசிவம் பாவைச் சுருட்டி உத்தரத்தோடு தூக்கிக் கட்டிவிட்டு, தறிக்குழியின்மேல் பலகைகளைப் போட்டு மூடி, கூடத்தைப் படுக்கிறவர்களுக்கு விட்டான். வாசல் கதவும் கொல்லைக் கதவும் விடியலிலிருந்து படுக்கிறவரை திறந்தே கிடந்தன. ஆட்கள் இந்த வழியாக வந்து அந்த வழியாகப் போனார்கள்; மேல்காற்றும் அவர்களோடு சேர்ந்து வந்து போயிற்று. கந்தல் துணியெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை.

தில்லையம்மாள் குழந்தையை இடுப்பைவிட்டு இறக்கவில்லை. எந்த நேரத்தில் என்ன ஆகுமோ என்று காதை அதன் முதுகில் வைத்துக்கொண்டே திரிந்தாள். அமாவாசை வந்தது. கோயில் இல்லை, விபூதி இல்லை. அன்று பகல் முழுவதும் அவள் சாப்பிடவில்லை. குழந்தையோ இரண்டு வாய் சோற்றைக் கூடுதலாகவே வாங்கிக்கொண்டது. மறுநாள் காரணமில்லாமல் சிரித்தது. அதற்கு இரண்டு நாள் கழித்து, ஆரணி அத்தை ஒருத்தி பாயில் விட்ட இடத்திலிருந்து கையை ஊன்றித் தவழ்ந்து வாசல்படிவரை போய், நிலையைப் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தது.

"ஏ தில்லே, இங்க பாரு! ஓம் பொண்ணு ஊர்கோலம் கெளம்பிட்டா!" என்று அத்தை கத்தினாள்.

தில்லையம்மாள் கையில் இருந்த அகப்பையோடு ஓடி வந்தாள். குழந்தை திரும்பிப் பார்த்தது. மூச்சு வாங்கியது, தவழ்ந்த களைப்பு. அவ்வளவுதான். பூனைக்குட்டி இல்லை. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அதன் மார்பில் காதை வைத்துக் கேட்டாள். எல்லாப் பிள்ளைக்கும் இருக்கிற மூச்சுத்தான். சாவு வீட்டுக்கு வந்தவர்கள் நடுவில் சிரிக்கக்கூடாது என்று முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

தீட்டு முடிந்தது. வந்தவர்கள் போனார்கள். குழியைத் திறந்து, தண்ணீர் தெளித்து, பாவை இறக்கி, கதவைச் சாத்தி, தறியைக் கும்பிட்டு உட்கார்ந்தான் பரமசிவம். தொட்டில் தன் இடத்துக்குப் போயிற்று. முதல் வேலையாகத் தில்லையம்மாள் குமரகோட்டத்துக்குப் போய், விட்டதற்கெல்லாம் சேர்த்துக் கற்பூரம் ஏற்றிவிட்டு, கை நிறைய விபூதி கொண்டுவந்து பூசினாள். மூன்றாம் நாள் சாயங்காலம் பூனைக்குட்டி கத்தியது.

அவள் தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கோயிலுக்குப் போகாத பதினாறு நாளும் நன்றாக இருந்தது. கோயிலுக்குப் போய்வந்த மூன்றாம் நாள் இழுக்கிறது. இப்படி நினைத்ததே பாவம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆனால் நினைப்பு போகவில்லை. சாமி இல்லாத அந்த நாட்களில் வேறு என்ன இல்லை? தறி இல்லை. சரி, அமாவாசையில்? அன்றைக்கும் தறி இல்லை. தறி இல்லாத நாளில் வேறு என்ன? குழிக்குத் தண்ணீர் இல்லை. கதவுக்குத் தாழ் இல்லை.

தொட்டில் துணியை விரித்துப் பார்த்தாள். மடிப்பில் கறுப்பாகப் பொட்டுப் பொட்டாகப் பூஞ்சணம். மூக்கில் வைத்தாள். பழங்கிணற்று நாற்றம். குழியின் சுவரைத் தடவினாள். விரலில் பச்சையாகவும் கறுப்பாகவும் ஒட்டியது. தொட்டில் அதற்கு நேர்மேலே தொங்கிக்கொண்டிருந்தது. ஆறு வருஷமாக அந்தக் குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். ஏரிக்கரையில் பிறந்த மூக்கு, ஒரே வருஷத்தில் செத்துப்போயிருக்கிறது. தன்மேலேயே அவளுக்கு அவ்வளவு கோபம் வந்தது.

தொட்டிலைத் தறியிலிருந்து அவிழ்த்தாள். வாசல் நிலைக்கு மேலே இருந்த வளையத்தில் வேறு புடவையால் கட்டினாள். பிள்ளையை அதில் போட்டாள். இரண்டு கதவையும் அகலத் திறந்து விட்டாள்.

மேல்காற்று குபீரென்று உள்ளே வந்தது. பரமசிவம் தலையைத் தூக்குவதற்குள் நாலைந்து இழைகள் அறுந்தன.

"கதவ மூடு தில்லே!"

"மூட மாட்டேன்."

"ஏய், இழை அறுந்துக்கினே இருக்குது, கண்ணு தெரியல ஒனக்கு?"

"தெரியுது. அறுந்தா முடிஞ்சிக்கலாம். புள்ளைக்கு அறுந்தா எதவெச்சு முடியறது?"

பரமசிவம் குழியிலிருந்து எழுந்தான். அவன் கோபக்காரன் அல்ல. அதிர்ந்து பேசத் தெரியாத மனிதன். அன்று அவன் முகம் கறுத்துவிட்டது. "இன்னாடி ஆச்சு ஒனக்கு, காத்து கருப்பு அடிச்சிக்கிச்சா?" என்றான்.

தில்லையம்மாள் எல்லாவற்றையும் கொட்டினாள். அமாவாசையைச் சொன்னாள், பதினாறு நாளைச் சொன்னாள், தொட்டில் துணியைக் கொண்டுவந்து அவன் முகத்துக்கு நேரே விரித்தாள். "இத மோந்து பாருங்க. நீங்களே மோந்து பாருங்க. இதுலதான் எம் புள்ள ராவும் பகலும் மூஞ்சிய வெச்சிக்கினு கெடந்துச்சு."

அவன் மோந்து பார்க்கவில்லை. "தறிதாண்டி நமக்குச் சோறு போடுது. எங்கப்பன் ஒக்காந்த குழி. அதும்மேல பழி சொல்றியே, வாய் கூசல?"

"நான் தறிய சொல்லலிங்க. ஈரத்த சொல்றேன். சாத்தின கதவ சொல்றேன்."

"தெருவுல எல்லா வூட்லயும்தான் ஈரம் இருக்குது. எல்லாப் புள்ளைங்களும் செத்தா போச்சு?"

சொல்லி முடித்ததும் அவன் வாய் அப்படியே நின்றுவிட்டது. செத்துப்போன பிள்ளை ஒன்று அந்த வீட்டில் இருந்ததே. நாலு வருஷமாக யாரும் சொல்லாத சொல். அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தான்.

"அப்போ..." என்றான். "அப்போ மொத புள்ள?"

தில்லையம்மாள் அதுவரை அதை நினைக்கவில்லை. சத்தியமாக நினைக்கவில்லை. நீலாவைக் காப்பாற்றுகிற அவசரத்தில் முன்னால் மட்டுமே பார்த்து ஓடிவந்தவள், இப்போது பின்னால் திரும்பிப் பார்த்தாள். மழைக்காலம், சாத்தின கதவு, அதே சட்டம், அதே தொட்டில். அவளும் அவனுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"நான்தானே தில்லே தண்ணி ஊத்தினேன்" என்றான் பரமசிவம். "அந்த மழையிலகூட ஊத்தினேன். பழக்கம். கை பாட்டுக்கு ஊத்திடுச்சு."

"தொட்டில அங்க கட்டினது நானு" என்றாள் அவள். "ரெண்டு புள்ளைக்கும் நானேதான் கட்டினேன். நல்லா ஆடுதேன்னு சந்தோசப்பட்டுக்கினு கட்டினேன்."

பரமசிவம் அழுதான். மகன் போன அன்றுகூட அழாதவன், குழந்தை மாதிரித் தோள் குலுங்க அழுதான். தில்லையம்மாள் நகர்ந்து வந்து அவன் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். "நமக்குத் தெரியலிங்க. தெரிஞ்சிருந்தா செஞ்சிருப்பமா? இந்தத் தெருவுல யாருக்குங்க தெரியும்?" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளும் அழுதாள். காற்று பாட்டுக்குக் கூடத்தில் புகுந்து போய்க்கொண்டிருந்தது. இழைகள் அறுந்துகொண்டிருந்தன. இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து அவன் எழுந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனான். எங்கே என்று அவள் கேட்கவில்லை. கள்ளுக்கடைப் பக்கம் போயிருப்பானோ என்று பயமாக இருந்தது. அந்தப் பழக்கம் கிடையாது. ஆனால் இன்றைக்குப் போனாலும் குற்றம் சொல்ல முடியாது. இருட்டுவதற்குள் திரும்பி வந்தான். கையில் பங்காளி வீட்டு மண்வெட்டியும் கடப்பாரையும் இருந்தன. நேரே கொல்லைக்குப் போனான். விறகும் வறட்டியும் அடுக்கியிருந்த கொட்டகையை ஒழித்து, நடுவில் கோடு போட்டு, புதுக்குழி வெட்ட ஆரம்பித்தான்.

மறுநாள் கண்ணாயிரம் முதலாளி வந்தார். யாரோ போய் ஓதியிருக்கிறார்கள். பாதி ஓடின பாவை இறக்கி வைத்திருப்பதைப் பார்த்து அவருக்குத் தலை சுற்றிவிட்டது.

"பரமசிவம், ஒனக்குப் புத்தி கித்தி பெசகிடுச்சா? ஓடற தறிய யாராவது எடம் மாத்துவானா? முகூர்த்தம் வந்துடுச்சேப்பா, பொண்ணு வூட்டுக்காரனுக்கு நான் இன்னா ஜவாபு சொல்றது?"

"கொஞ்சம் முன்னபின்ன ஆவும் முதலாளி" என்றான் பரமசிவம், குழிக்குள்ளிருந்தே. "முகூர்த்தத்துக்குள்ள குடுத்துடுவேன். நம்பிக்கை இல்லன்னா பாவு அதோ இருக்குது, எடுத்துக்கினு போங்க. எங்க வூட்ல புள்ளைக்கு மூச்சு வாங்குது. அதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியலிங்க."

அப்படி ஒரு பேச்சு அவன் வாயிலிருந்து வரும் என்று முதலாளி எதிர்பார்க்கவில்லை. தில்லையம்மாளும் எதிர்பார்க்கவில்லை. முதலாளி வாசலில் ஆடிக்கொண்டிருந்த தொட்டிலைக் குனிந்து பார்த்தார். அவர் வீட்டிலும் தறிகள் உண்டு, பேரன் பேத்திகள் உண்டு. "என்னமோ போ. பேஜார் புடிச்ச ஆளுங்க" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். பாவை எடுத்துக்கொண்டு போகவில்லை.

கொட்டகைக்கு நான்கு பக்கமும் மண்சுவர் எழும்பியது. இரண்டு பக்கமும் அடைப்புக் கதவோடு சன்னல் வைத்தே ஆகவேண்டும் என்று தில்லையம்மாள் பிடிவாதம் பிடித்தாள். "எனக்கு இன்னாத்துக்கு? நான் பொறந்ததுலேர்ந்து ஈரத்துலதான் கெடக்கறேன்" என்றான் அவன். "புள்ளைக்கு அப்பன் வேணாமா? நெய்யறப்போ சாத்திக்குங்க. சோத்துக்கு எழுந்தா ரெண்டையும் தொறந்துடணும். இல்லன்னா சோறு கெடையாது" என்றாள். அவளிடம் இனிமேல் வாய் கொடுத்து ஜெயிக்க முடியாது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

கூடத்துச் சுவரையெல்லாம் அவள் தேங்காய் நார் போட்டுச் சுரண்டினாள். சுண்ணாம்பைக் கரைத்து இரண்டு பூச்சுப் பூசினாள். பாய் தலையணை எல்லாம் வெயிலுக்குப் போயின. அடுப்பைக் கொல்லைக் கதவோரம் மாற்றிப் போட்டாள். புகைக்கு வெளியே போக வழி கிடைத்தது. பழைய தொட்டில் துணியைக் கிழித்து அடுப்பில் போட்டாள்.

கடைசியாகப் பழைய குழி. அதைத் தூர்க்கும்போது தில்லையம்மாள் பக்கத்தில் நிற்கவில்லை. கொல்லைக் கதவருகே நின்று பார்த்தாள். பரமசிவம் கூடை கூடையாகக் காய்ந்த மண்ணைக் கொண்டுவந்து கொட்டினான். முதல் கூடைக்கு முன்னால் குழிக்குள் இறங்கி, கால் வைத்து வைத்துத் தேய்ந்த இடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். மேலே ஏறி வந்த பிறகு ஒரு முறைகூட நிற்கவில்லை. கெட்டித்து, சாணம் போட்டு மெழுகி முடித்ததும் கூடம் திடீரென்று பெரிதாகிவிட்டது. நீலா இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குத் தவழ்ந்து போய், ஏதோ பெரிய ஊருக்குப் போய் வந்தவள் மாதிரி இரண்டு பேரையும் பார்த்துச் சிரித்தாள்.

தெரு சும்மா இருக்குமா? தறியை மாட்டுக் கொட்டகைக்குத் துரத்திவிட்டு மனிதர்கள் அரண்மனை கட்டிக்கொண்டார்கள் என்று பேசியது. தில்லையம்மாள் காதில் வாங்கவில்லை. அமாவாசைக்குக் குமரகோட்டத்துக்குப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. இப்போது சண்டை கிடையாது. "நீ மாசாமாசம் சொல்லிக்கினுதான் இருந்த. எனக்குத்தான் மண்டையில ஏறல" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

புதுக்கொட்டகையில் தறி ஓட ஆரம்பித்து இரண்டு வாரம் இருக்கும். நண்பகல் கழிந்த நேரம். நீலா பால்சோறு சாப்பிட்டுவிட்டுக் கூடத்து உத்தரத்தில் கட்டின தொட்டிலில் தூங்கினாள். வாசலும் கொல்லையும் திறந்து கிடந்தன. இவர்கள் இரண்டு பேரும் கொட்டகையில். முந்தானையின் ஜரிகை ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் ஒரு முழம் நெய்தால் புடவை இறங்கிவிடும்.

பரமசிவம் சட்டென்று மிதியை நிறுத்தினான்.

"இன்னாங்க?"

"சத்தமே காணோமே" என்றான்.

தில்லையம்மாளும் காதைக் கொடுத்தாள். ஒன்றும் இல்லை. ஐந்து மாதமாக அந்த இழுப்புச் சத்தம்தான் அவர்களுக்குப் பிள்ளை இருக்கிறது என்பதற்கு அடையாளம். தூக்கத்தில் புரண்டாலும் அதைக் கேட்டுவிட்டுத்தான் மறுபடி கண்ணை மூடுவார்கள். இழுப்பு இருக்கிறதே என்று அழுதுகொண்டே, இருக்கிறதே என்று நிம்மதியும் அடைந்தவர்கள். நாளுக்கு நாள் அது தேய்ந்து தேய்ந்து, இப்போது சுத்தமாக ஒன்றும் இல்லை.

பரமசிவம் குழியிலிருந்து எப்படி எழுந்தான் என்று தெரியாது. முழங்கால் சட்டத்தில் இடித்தது, அவன் நிற்கவில்லை. தில்லையம்மாள் பின்னால் ஓடினாள். தொட்டிலை இரண்டு கையாலும் விலக்கிப் பார்த்தான். நீலா மல்லாந்து கிடந்தாள். வாய் மூடியிருந்தது. அசைவே இல்லை. ஒருநாள் காலையில் இதே மாதிரி விலக்கிப் பார்த்தவன் அவன். தொடப் பயந்தான். தொட்டுப் பார்த்துச் சில்லென்று இருந்துவிட்டால்?

அறுந்த இழையை முடிவதற்காகத் தோளில் போட்டிருந்த பட்டு நூலில் ஒரு துண்டு அவன் விரலில் சுற்றியிருந்தது. அதைப் பிரித்து, நுனியைப் பிடித்து, குழந்தையின் மூக்குக்கு நேரே தொங்கவிட்டான். காற்று படாமல் தில்லையம்மாள் முந்தானையை விரித்து மறைத்தாள். இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டார்கள்.

இழை மெல்ல அந்தப் பக்கம் போயிற்று. நின்றது. மறுபடி மூக்கை நோக்கி வந்தது. மறுபடி போயிற்று.

தில்லையம்மாளுக்குக் கண் நிறைந்து எதுவும் தெரியாமல் போய்விட்டது. "வருதுங்க. சத்தமில்லாம வருது. எல்லாப் புள்ளைக்கும் இப்டித்தாங்க வரும்" என்று அவன் காதருகே சொன்னாள். அவன் தலையை ஆட்டினான். கையை மட்டும் எடுக்கவில்லை.

"போதும், வாங்க. அவ தூங்கட்டும். பாவு காயுது" என்று அவன் முழங்கையைத் தொட்டாள்.

"நீ போ தில்லே" என்றான் பரமசிவம், இழையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "இன்னும் ரெண்டு மூச்சு பாத்துட்டு வரேன்."